எண்ணைச் சொல், ஆண்டைச் சொல், நிமிர்ந்து நில்!

பூன் லே பேருந்துச் சந்திப்பு நிலையத்தில் காலை வேளையில் நம் பிள்ளைகளைப் பார். துவாஸ் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு வரிசை. 179ஆம் எண் பேருந்தில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் இன்னொரு வரிசை. ரயிலேறி நகரத்து அலுவலகங்களில் கணினிமுன் உட்காரப் போகிறவர்கள் வேறொரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஒருவரைத் தேடித்தான் இந்தக் கட்டுரை வருகிறது. ஏபிஐ ஆவணம் எழுதும் வேலை தன் தலையில் விழுந்துவிட்டதே என்று முகம் வாடி நிற்கும் தம்பியே, தங்கையே, உன்னைத் தேடித்தான்!

எதற்கு வாட்டம்? "கோடு எழுதுகிறவன்தான் கெட்டிக்காரன், டாக்குமெண்ட் எழுதுவது எடுபிடி வேலை" என்று எவரோ சொன்னதை நம்பிவிட்டாயா? முகம் தெரியாத ஒரு டெவலப்பர், நீ போயிராத ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு, உன் வார்த்தையை நம்பித் தன் வாடிக்கையாளரின் பணத்தையும் பெயரையும் உன் சர்வருக்கு அனுப்பப்போகிறார். அவருக்கும் உன் நிறுவனத்துக்கும் நடுவில் இருக்கும் ஒப்பந்தமே நீ எழுதும் பக்கம்தான். ஒப்பந்தம் எழுதுகிறவரை எடுபிடி என்று யாராவது சொல்வார்களா?

உன் தயக்கம் எங்கே பிறக்கிறது தெரியுமா? "தேதி ஐஎஸ்ஓ வடிவத்தில் இருக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதுகிறாய். மறுநாள் கூட்டத்தில் ஒருவர் கேட்கிறார்: "எந்த ஐஎஸ்ஓ? எந்தப் பதிப்பு? எல்லா வடிவத்தையும் ஏற்பீர்களா?" உன் கண் தானாகச் சீனியர் பக்கம் போகிறது. அவரோ மேசையைப் பார்க்கிறார். அந்த ஐந்து விநாடியில் உன் தன்னம்பிக்கை தரையில் விழுகிறது. இதற்குத் திறமைக் குறைவோ, இங்கிலீஷ் குறைவோ காரணமில்லை. நீ மூல ஆவணத்தைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான் காரணம். அதைத் திறந்து பார்த்தவர் எவர் முன்னும் தலை குனிய வேண்டியதில்லை. இந்த ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன்.

22009 சொல்லும் பாடம்

உன் கைப்பேசியில் அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று பார்க்கிறாய் அல்லவா? அதற்குப் பின்னால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் ஏபிஐ இருக்கிறது. பூன் லே சந்திப்பு நிலையத்தின் குறியெண் 22009. அந்த எண்ணைக் கொடுத்துக் கேட்டால் ஜேசான் வடிவில் பதில் வரும். வருகை நேரம் இருக்கும் இடத்தை உற்றுப் பார். ஆண்டு, மாதம், நாள், பிறகு டி என்ற ஓர் எழுத்து, மணி, நிமிடம், விநாடி, கடைசியில் +08:00.

அந்தக் கடைசி ஆறு குறிகள் வெறும் அலங்காரமா? சிங்கப்பூரின் கடிகாரம் தொடக்கம் முதலே உலகப் பொது நேரத்தைவிட எட்டு மணி நேர முன்னிலையில் இருக்கவில்லை. 1981 இறுதிவரை அது ஏழரை மணி நேரம்தான். 1981 டிசம்பர் 31 இரவு கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள். 1982 பிறந்தது முதல்தான் +08:00. இப்போது சொல்: உன் ஏபிஐ 1975இல் பிறந்த ஒருவரின் பிறந்த நேரத்தை வாங்குகிறது, ஆவணத்தில் "உள்ளூர் நேரம்" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். இன்றைய +08:00 கணக்கைப் போட்டால் அரை மணி நேரம் பிசகும். நம்மவர்களிடம் பிறந்த நேரம் அரை மணி பிசகினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை!

"நேரம் ஆர்எஃப்சி 3339, பிரிவு 5.6இன்படி, நேர மண்டலம் ஐஏஎன்ஏ தரவுத்தளத்தின் ஏசியா/சிங்கப்பூர்" என்று, இணைய ஆவண வரிசையான ஆர்எஃப்சியின் எண்ணோடு எழுதிப் பார். ஒரே வரி. எல்லாக் கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. கூட்டத்தில் யார் கேட்டாலும் சீனியர் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

அதே பதிலில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பேருந்தில் உட்கார இடம் உண்டா, நிற்க மட்டும் இடமா, நிற்கவும் நெருக்கடியா என்பதை மூன்றெழுத்துக் குறிகளால் சொல்கிறார்கள். அந்தக் குறிகள் ஆணையத்தின் சொந்தக் குறிகள். உலகில் எந்தத் தர நூலைப் புரட்டினாலும் கிடைக்காது. ஆகவே அவற்றின் பொருளை அந்த ஆவணமே முழுதாக விளக்கியாக வேண்டும். நேரமோ வெளித்தரம், அதைச் சுட்டினால் போதும். வெளியிலிருந்து வந்ததைச் சுட்டு, உன்னுடையதை விளக்கு. எது எந்தப் பக்கம் என்று பிரித்தறியத் தெரிந்துவிட்டால் ஆவணத்தின் பாதிக் குழப்பம் ஓடிவிடும்.

ஆண்டு இல்லாத பெயர் அரைப் பெயர்

"ஐஎஸ்ஓ 8601 என்று எழுதினால் போதாதா?" என்கிறாய். போதாது. அந்தத் தரம் ஒரு கடல். ஆண்டும் வார எண்ணும் கிழமை எண்ணும் கொண்டு நாளைக் குறிக்கலாம். கோடே இல்லாமல் எட்டு இலக்கத்தை ஒட்டி எழுதலாம். கால இடைவெளியைக் குறிக்கலாம். இவை எல்லாவற்றையும் உன் சர்வர் ஏற்குமா? ஏற்காது என்றால், ஏற்பதாக ஏன் வாக்குக் கொடுக்கிறாய்? 2002இல் வந்த ஆர்எஃப்சி 3339 அந்தக் கடலிலிருந்து இணையத்துக்கு வேண்டிய ஒரு பகுதியை எடுத்து வரையறுத்தது. 18 பக்கம். இலவசம். ஐஎஸ்ஓ நூலோ காசு கொடுத்து வாங்க வேண்டியது. உன் வாசகர் எதைத் திறந்து சரிபார்க்க முடியும் என்பதையும் நினைத்துப் பார்.

ஆண்டு எப்படிக் காலை வாரிவிடும் என்றும் கேள். நாளின் முடிவை 24:00 என்று எழுதலாம் என்றது ஐஎஸ்ஓ 8601இன் 2004ஆம் ஆண்டுப் பதிப்பு. 2019ஆம் ஆண்டுப் பதிப்பு அதை எடுத்துவிட்டது. 2022இல் வந்த திருத்தம் மறுபடியும் சேர்த்தது. ஒரே எண், மூன்று காலம், இரண்டு மாற்றம்! ஆண்டைச் சொல்லாமல் எழுதினால், உன் வாசகர்கள் வெவ்வேறு விதமாகப் புரிந்துகொண்டு, எல்லோரும் "ஆவணப்படிதான் செய்தோம்" என்பார்கள். எல்லோரும் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

வலையின் அடித்தளமான எச்டிடிபியைப் பார். 1999இல் ஆர்எஃப்சி 2616. 2014இல் அதை நீக்கிவிட்டு 7230 முதல் 7235 வரை ஆறு ஆவணங்கள். 2022 ஜூனில் அவற்றின் இடத்தில் 9110, 9111, 9112. ஆனாலும் 2616ஐ மேற்கோள் காட்டும் ஆவணங்கள் இன்றும் உலவுகின்றன. ஓய்வுபெற்ற அதிகாரியின் கையெழுத்தோடு வரும் உத்தரவை யாராவது மதிப்பார்களா? ஆர்எஃப்சியின் இணையத் தகவல் பக்கத்திலேயே எந்த எண் இதை நீக்கியது என்று எழுதியிருக்கும். அதைப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. அந்த அரை நிமிடத்தைக் கொடுப்பவர் சிலரே. நீ அந்தச் சிலரில் ஒருவராக இரு!

உணவங்காடி ஸ்டிக்கருக்குள் உலகம்

பூன் லே பிளேஸ் உணவங்காடியில் நாசி லெமாக் வாங்கும்போது கடையில் ஒட்டியிருக்கும் எஸ்ஜிகியூஆர் ஸ்டிக்கரைக் கைப்பேசியால் படம்பிடிக்கிறாய். 2018 செப்டம்பரில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து அறிமுகப்படுத்திய பொது ஏற்பாடு அது. ஒரு கடையில் ஏழெட்டு ஸ்டிக்கர் ஒட்டும் தொல்லையை ஒரே சதுரத்தில் அடக்கியது.

அந்தச் சதுரத்துக்குள் என்ன இருக்கிறது என்று என்றைக்காவது யோசித்தாயா? சதுரத்தின் வடிவம் ஐஎஸ்ஓ/ஐஇசி 18004. உள்ளே இருக்கும் தகவலின் அடுக்கு இஎம்விகோ அமைப்பின் வரையறை. அதில் 52ஆம் இடத்தில் வணிக வகைக் குறி, அது ஐஎஸ்ஓ 18245. 53ஆம் இடத்தில் நாணயம், 702 என்றால் சிங்கப்பூர் வெள்ளி, அது ஐஎஸ்ஓ 4217. 58ஆம் இடத்தில் நாடு, எஸ்ஜி, அது ஐஎஸ்ஓ 3166. 63ஆம் இடத்தில் நான்கு குறிகள். தகவல் சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்புக் குறி, அதன் கணக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 13239. உள்ளங்கை அகல ஸ்டிக்கர், அதற்குள் இத்தனை தரங்கள்! இஎம்விகோ தனக்கென்று ஒரு நாணயப் பட்டியலைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளவில்லை; இருப்பதை எண்ணோடு சுட்டியது. அதனால்தான் வெவ்வேறு வங்கிகளின் செயலிகள் ஒரே சதுரத்தைப் படிக்கின்றன.

அந்த அடுக்கில் 64ஆம் இடம் ஒன்று உண்டு. கடையின் பெயரை இன்னொரு மொழியில் சொல்வதற்கான இடம். எந்த மொழி என்பதை ஐஎஸ்ஓ 639இன் ஈரெழுத்துக் குறியால் சொல்ல வேண்டும். நம் தமிழுக்கும் அந்தப் பட்டியலில் ஈரெழுத்துக் குறி உண்டு. ஆக, உலகத் தரத்துக்குள் நமக்கு இடம் தயாராக இருக்கிறது. மூல நூலைத் திறந்தவர் கண்ணுக்குத்தான் அந்த இடம் தெரியும். திறக்காதவர் "தமிழுக்கு வசதி இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்!

பணத்தின் அளவைச் சொல்லும்போதும் இதே கதை. "தொகை: 500" என்கிறது உன் ஆவணம். ஐந்து வெள்ளியா, ஐந்நூறு வெள்ளியா? ஐஎஸ்ஓ 4217 நாணயக் குறியை மட்டும் தருவதில்லை. ஒவ்வொரு நாணயத்துக்கும் எத்தனை தசம இடம் என்றும் சொல்கிறது. சிங்கப்பூர் வெள்ளிக்கு இரண்டு. ஜப்பானிய யென்னுக்குச் சுழியம். குவைத் தினாருக்கு மூன்று. "தொகை, ஐஎஸ்ஓ 4217 தரும் மிகச் சிறிய அலகில்" என்று எழுதினால் 500 என்பது ஐந்து வெள்ளி என்று எவரும் ஐயமின்றிச் சொல்வார்கள். 2023 பிப்ரவரி 21 முதல் இங்குள்ள பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் இணைந்திருக்கின்றன. ஜூரோங்கில் வியர்வை சிந்தியவரின் காசு ஊரில் இருக்கும் அம்மாவின் கணக்குக்குக் கைப்பேசி வழியாகவே போகிறது. இப்படி எல்லை தாண்டும் பணத்தில் ஒரு தசமப் புள்ளி தவறினால் யார் வயிறு எரியும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுது.

நம் எழுத்தே பட்ட பாடு

தரத்தின் பெயரைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்குப் பாடம் நடத்தும் தகுதி தமிழர்களுக்கு உண்டு. பட்டறிந்தவர்கள் நாம்.

தொண்ணூறுகளில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துருவில் தமிழைத் தட்டினார்கள். ஒருவர் அனுப்பியது மற்றவர் கணினியில் அர்த்தமற்ற குறிகளாக வந்து விழுந்தது. அந்த இருட்டில் விளக்கேற்றியவர்களில் ஒருவர் நம் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். கணினிப் பொறியாளர் அல்லர். ஆனால் "இது என் துறை இல்லை" என்று அவர் ஒதுங்கவில்லை. தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவோடு கைகோத்து, 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான இணையத் தளத்தில் தமிழ் ஏறுவதற்குக் காரணமானார். கணியன் என்ற மென்பொருளைத் தந்தார். 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு; தமிழ்99 விசைப்பலகையும் தாம், தாப் என்ற குறியேற்றங்களும் அங்கிருந்து வந்தன. அந்த ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி மறைந்தார். 2000இல் மீண்டும் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் பிறந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிக்கோடை அதிகாரபூர்வத் தரமாக அறிவித்தது.

திஸ்கி, தாம், தாப், யூனிக்கோட் என்று இத்தனை தரங்கள் வந்துபோன காலத்தில், "இந்தக் கோப்பு இன்ன குறியேற்றத்தில் இருக்கிறது" என்று ஒரு வரி எழுதிவைத்தவர்களின் எழுத்து பிழைத்தது. அந்த ஒரு வரி இல்லாத கோப்புகளை இன்றைக்கு மீட்க ஒருவர் உட்கார்ந்து ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

"இப்போதுதான் யூனிக்கோட் வந்துவிட்டதே, பிரச்சினை தீர்ந்ததே" என்கிறாயா? அந்தப் பெரியவரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். கோவிந்தசாமி. நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிக்கோட் குறிகளாக எண்ணினால் பதினொன்று. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக 33 பைட். "பெயர் அதிகபட்சம் 20 எழுத்து" என்று நீ எழுதியிருந்தால் எந்த எழுத்து? பைட் கணக்கில் பார்க்கும் ஒரு நிரல் இந்தப் பெயரை வெளியே தள்ளும். குறிக் கணக்கில் பார்க்கும் இன்னொன்று வரவேற்கும்.

இன்னும் கேள். 'கோ' என்பதில் இருக்கும் ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டாவது வகையில் பெயருக்குப் பன்னிரண்டு குறி, 36 பைட். இரண்டையும் ஒப்பிட்டால் கணினி "வேறு ஆள்" என்று சொல்லிவிடும்! யூனிக்கோடின் 15ஆம் இணைப்பு இதற்கு வழி சொல்லியிருக்கிறது: என்எஃப்சி வடிவம். ஆனால் ஸ்ரீதர் என்ற பெயரின் முதலெழுத்துக்கு அந்த மருந்தும் போதாது. 2005இல் யூனிக்கோட் 4.1 வந்தபோதுதான் ஶ என்ற எழுத்து தரத்தில் சேர்ந்தது. அதற்கு முன் ஸகரத்தைக் கொண்டே அந்த எழுத்தைத் தட்டினோம். இன்று இரண்டு விதத் தரவும் உலகில் கிடக்கிறது. பல எழுத்துருக்களில் பார்வைக்கு ஒரே மாதிரி. என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்காது. ஆகவே உன் ஆவணம் சொல்ல வேண்டும்: எந்தப் பதிப்பு யூனிக்கோட், எந்த வடிவம், நீளத்தை எதில் எண்ணுகிறோம், ஸ்ரீயை எப்படி ஒப்பிடுகிறோம்.

இதை யார் எழுதுவார்கள்? தமிழ் தெரியாத ஒருவருக்கு இந்தச் சிக்கல் கனவிலும் தோன்றாது. உனக்குத் தோன்றும். உன் தாய்மொழி உனக்குத் தொழில்நுட்பச் சுமையா? அது உனக்கு மட்டும் கிடைத்திருக்கும் கூடுதல் கண்! அந்தக் கண்ணால் பார்த்து, ஆவணத்தில் எழுதி, தரத்தின் எண்ணைச் சுட்டு. யாரால் மறுக்க முடியும்?

தரம் எழுதியவரும் உன்னைப்போல் ஓர் இளைஞரே

"தரநிலை ஆவணமெல்லாம் மேதைகளின் உலகம், எனக்கு எட்டுமா?" இந்தக் கேள்வியை இன்றோடு புதைத்துவிடு. முதல் ஆர்எஃப்சியை எழுதியவர் ஸ்டீவ் கிராக்கர். 1969 ஏப்ரல் 7. அப்போது அவர் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பட்டமேற்படிப்பு மாணவர்; வயது 24. உடன் தங்கியிருந்தவர்களின் தூக்கம் கெடக்கூடாதென்று குளியலறையில் உட்கார்ந்து எழுதியதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்ற அச்சம் அவருக்கும் இருந்தது. அதனால்தான் சட்டம் என்றோ கட்டளை என்றோ பெயர் வைக்காமல், கருத்துச் சொல்லுங்கள் என்ற பணிவான தலைப்பை வைத்தார். அச்சம் இருந்தது; ஆனாலும் எழுதினார். இன்று ஒன்பதாயிரம் எண்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது அந்த வரிசை.

அந்த ஆவணங்களை உருவாக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் உறுப்பினர் கட்டணம் கிடையாது. ஆர்எஃப்சியில் பிழை கண்டால் எவரும் அறிக்கை அனுப்பலாம். அந்த அமைப்பின் 100ஆவது கூட்டம் எங்கே நடந்தது தெரியுமா? 2017 நவம்பரில் இதே சிங்கப்பூரில்! உன் வீட்டு வாசலில் இருக்கும் கிழக்கு மேற்கு ரயில்பாதை போய்ச் சேரும் நகர மண்டபத்துக்குப் பக்கத்தில். நம் தமிழ்ப் பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளுமாக 51 குறிகள் 2019இல் யூனிக்கோட் 12.0இல் சேர்ந்ததும் தமிழறிந்தவர்கள் முன்மொழிவு எழுதி, வாதாடி, திருத்தி, மறுபடி எழுதியதால்தான். கதவு பூட்டியிருக்கவில்லை. தட்டுவதற்கு ஆள்தான் வேண்டும்.

படிக்க நேரமில்லை என்று மட்டும் சொல்லாதே. ஜேசானை வரையறுக்கும் ஆர்எஃப்சி 8259 மொத்தம் 16 பக்கம். பூன் லேயில் ரயிலேறினால் நகர மண்டபம் வருவதற்குள் பெரும்பகுதியைப் படித்துவிடலாம். அதன் 6ஆம் பிரிவில் எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை இருக்கிறது: இரண்டின் 53ஆம் அடுக்கைத் தொடும் முழு எண்களைத் தாண்டினால் எல்லா நிரலும் ஒரே மதிப்பாகப் படிக்கும் என்று நம்பாதே என்பதே அதன் சாரம். பதினெட்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணை நீ எண்ணாக அனுப்பச் சொல்லியிருந்தால், மறுமுனையில் கடைசி இலக்கங்கள் மாறிப்போகக்கூடும். இது தெரிந்தவர் அதை மேற்கோள் குறிக்குள் சரமாக அனுப்பச் சொல்வார். காரணமாக எண்ணையும் பிரிவையும் காட்டுவார். ஒரு ரயில் பயணம் உன்னைக் கூட்டத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் ஆளாக ஆக்கிவிடும்.

கையில் எடு, செய்து காட்டு

ஆவேசம் மட்டும் போதாது, வழக்கம் வேண்டும். நான் சொல்லும் வழக்கங்கள் இவை.

முதலாவது, முழு முகவரி எழுது. "பூன் லேயில் இருக்கிறேன், வா" என்று நண்பரை அழைத்தால் அவர் வந்து சேர்வாரா? புளோக் எண், மாடி, வீட்டு எண், 64இல் தொடங்கும் ஆறிலக்க அஞ்சல் குறியீடு எல்லாம் சொன்னால்தான் கதவைத் தட்டுவார். தரத்துக்கும் அமைப்பின் பெயர், எண், ஆண்டு, பிரிவு என்று நான்கும் வேண்டும்.

இரண்டாவது, கட்டாயத்தையும் தகவலையும் பிரி. இதைப் பின்பற்றாவிட்டால் ஏபிஐ வேலை செய்யாது என்பவை கட்டாய மேற்கோள்கள். படித்தால் நல்லது என்பவை தகவல் மேற்கோள்கள். ஆர்எஃப்சிகள் தம் இறுதியில் இப்படித்தான் இரண்டு பட்டியல் வைக்கின்றன. இரண்டையும் கலந்து கொட்டினால் வாசகர் எதையும் திறக்கமாட்டார்.

மூன்றாவது, எவ்வளவு ஏற்கிறாய் என்று சொல். பெரிய தரத்தில் உன் சர்வர் ஏற்கும் பகுதி எது, ஏற்காத பகுதி எது? ஏற்கும் உதாரணம் ஒன்று, மறுக்கும் உதாரணம் ஒன்று, மறுக்கும்போது வரும் பிழைச் செய்தி ஒன்று. இவை மூன்றும் பக்கத்தில் இருந்தால் உனக்கு வரும் கேள்விகள் வெகுவாகக் குறையும்.

நான்காவது, தரத்தின் வாசகத்தை உன் பக்கத்தில் நகலெடுத்து ஒட்டாதே. ஐஎஸ்ஓ நூல்களுக்கு உரிமைச் சிக்கல் உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து, மூலம் மாறும்போது உன் நகல் மாறாது. சுருக்கத்தை உன் சொல்லில் எழுது. அதிகாரத்தை மூலத்திடமே விடு.

ஐந்தாவது, எல்லா மேற்கோளையும் ஒரே பதிவேட்டில் வை. நாற்பது பக்கங்களில் நாற்பது இடத்தில் எண்ணைத் தட்டிவைத்தால், தரம் மாறும் நாளில் முப்பத்தேழைத் திருத்தி மூன்றை மறப்பாய். பக்கங்கள் பதிவேட்டைச் சுட்டட்டும். பதிவேடு தரத்தைச் சுட்டட்டும். மொழிக் குறிகளுக்கான வழிகாட்டியைப் பார்: 2001இல் ஆர்எஃப்சி 3066, 2006இல் 4646, 2009இல் 5646. ஆனால் பிசிபி 47 என்ற நிலையான எண் மூன்றுக்கும் ஒன்றே. எப்போதும் புதியது வேண்டுமா, பிசிபி எண்ணைச் சுட்டு. குறிப்பிட்ட பதிப்பு வேண்டுமா, ஆர்எஃப்சி எண்ணைச் சுட்டு. இந்தத் தேர்வை யோசித்துச் செய்; தற்செயலுக்கு விடாதே.

ஆறாவது, ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஒரு பொறுப்பாளர், கடைசியாகச் சரிபார்த்த தேதி. ஐஎஸ்ஓ தன் தரங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுபார்வை பார்க்கிறது. தரம் எழுதினவர்களே மறுபார்வை பார்க்கும்போது, அதைச் சுட்டுகிற நீ பார்க்காமல் இருக்கலாமா? தரம் மாறியது என்பதற்காக ஏபிஐயை உடனே மாற்றவும் வேண்டாம். "நாங்கள் இன்னும் பழைய பதிப்பில் இருக்கிறோம், இன்ன வெளியீட்டில் மாறுவோம்" என்று மாற்றக் குறிப்பில் தைரியமாக எழுது. மறைத்தவர் மீதுதான் நம்பிக்கை போகும். சொன்னவர் மீது வளரும்.

அடுத்த எண் உன்னுடையது

தம்பி, தங்கையே! பிறரின் தரத்தைச் சுட்டுவதால் நீ சிறுத்துப்போவதாக எண்ணாதே. சொந்தமாக எல்லாவற்றையும் கண்டுபிடித்தேன் என்று மார்தட்டுகிறவர் தனியாக நிற்கிறார். ஆர்எஃப்சி 3339 என்று எழுதுகிறவருக்குப் பின்னால் அதை விவாதித்து, சோதித்து, திருத்தியவர்களின் உழைப்பு முழுதும் வந்து நிற்கிறது. மேலதிகாரி அதட்டினாலும் அந்த வரி நடுங்காது. வாடிக்கையாளர் வாதாடினாலும் சாயாது. நீ வேலை மாறிப் போன பிறகும் உன் இடத்துக்கு வரும் புதிய பிள்ளையின் கையைப் பிடித்து நடத்தும்.

நாளைக் காலையே தொடங்கு. உன் ஆவணத்தில் எண்ணில்லாமல் கிடக்கும் ஒரு தரத்தின் பெயரைத் தேடு. மூலத்தைத் திற. பிரிவைக் கண்டுபிடி. ஆண்டோடு எழுது. அடுத்த வாரம் இன்னொன்று. ஓர் ஆண்டில் உன் குழுவில் "இது எந்தத் தரத்தில் இருக்கிறது?" என்று கேட்டால் எல்லாக் கண்ணும் உன் பக்கம் திரும்பும். மூலத்தைப் படிக்கப் படிக்க ஒருநாள் அதிலேயே ஒரு பிழை உன் கண்ணில் படும். தயங்காதே, அறிக்கை அனுப்பு. இன்னொரு நாள், தமிழுக்கு வேண்டிய ஒன்று எந்தத் தரத்திலும் இல்லை என்று தெரியவரும். அன்றைக்கு முன்மொழிவை நீயே எழுது. ஒரு தமிழ் விரிவுரையாளர் இந்த ஊரிலிருந்து நம் எழுத்தை இணையத்தில் ஏற்றியிருக்கிறார்; 24 வயது மாணவர் ஒருவர் இணையத்தின் முதல் குறிப்பை எழுதியிருக்கிறார். உன்னால் முடியாது என்று சொல்ல எவருக்கு உரிமை இருக்கிறது? இன்று நீ சுட்டும் தரத்தின் கடைசிப் பக்கத்தில் வேறு யாரோ ஒருவர் பெயர் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு தமிழ்ப் பெயர் வந்தே தீர வேண்டும். அது உன் பெயராக இருக்கட்டும். எழுது!